மாடித்தோட்டத்தில் ப்ரோக்கோலி வளருமா? எந்த மாதம் விதைக்க வேண்டும்?

வளரும். ஆனால் கோவை, மதுரை, சென்னை போன்ற சமவெளி ஊர்களில் வருடத்துக்கு ஒரே ஒரு போகம்தான், அதுவும் விதைக்கிற மாதம் சரியாக அமைந்தால். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நான் கோவையில் மொட்டை மாடியில் வளர்க்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

நாம் சாப்பிடுவது விரியாத பூமொட்டுகளை. அந்தக் கொத்து உருவாகும் வாரங்களில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் இறுகித் திரண்டு வரும். வெயில் 30 டிகிரியைத் தாண்டத் தாண்டக் கொத்து தளரும், நடுவில் இலை முளைக்கும், சட்டென்று மஞ்சள் பூ விரிந்துவிடும். நமக்கு 20 டிகிரிக்கு அருகில் இறங்குவது இரவில் மட்டும்தான், அதுவும் மார்கழி, தையில். அதனால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நட்டதிலிருந்து அறுவடைக்கு 60, 70 நாள், அதற்கு முன் நாற்றுக்கு நான்கைந்து வாரம். ஆக, புரட்டாசிக் கடைசியில் விதைத்து ஐப்பசிக் கடைசியில் நட வேண்டும். ஆடிப்பட்டம் கத்தரிக்கும் வெண்டைக்கும் சரி, இதற்கு ஆகாது. மார்கழியில் விதைத்தால் பங்குனி வெயிலில் இலைதான் மிஞ்சும்.

ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சமவெளிக்கு கிரீன் மேஜிக் போல வெயில் தாங்கும் வீரிய ரகம் தேவை. பூசா கேடிஎஸ்-1 நல்ல ரகம்தான், ஆனால் அது குளிர்ப் பகுதிக்கானது.

சிக்கல் என்னவென்றால், நாற்று விடும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை. மழை நேராக விழுந்தால் நாற்று அடியழுகிச் சாயும். நிழலில் ஒதுக்கி வைத்தாலோ நெட்டையாக வளர்ந்து துவளும். மழை படாத, வெளிச்சம் குறையாத இடம் பாருங்கள். குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் விதையுங்கள். நான்கைந்து இலை வந்ததும் உடனே நட்டுவிடுங்கள். தட்டிலேயே வேர் சுற்றிக் கிடந்த நாற்று பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பொத்தான் அளவு கொத்துதான் தரும். நாற்றுப்பண்ணையில் வாங்குகிறவர்களும் முதிர்ந்த நாற்றை எடுக்காதீர்கள்.

ஒரு செடிக்கு 15 லிட்டர் பை, தரையில் என்றால் ஒன்றரை அடி இடைவெளி. குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். முன்பு கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இருந்த மண்ணில் நடாதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் போதும். கொத்து தலைகாட்டியதும் அதையும் நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து மிஞ்சினால் தண்டு பொந்தாகும்.

அப்புறம் புழு. இலையின் அடியில் சிறிய பச்சைப் புழுக்கள் இருக்கும், தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. மருந்து தேடுவதைவிட நட்ட அன்றே கொசுவலை போர்த்துவது மேல். கொத்துக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் அறுவடை வரை வலையை எடுக்க வேண்டாம். இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினிக்கு மட்டும், கொத்து வருவதற்கு முன்பே, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

கடையில் பார்க்கும் அளவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளங்கை அளவில், மொட்டுகள் நெருக்கமாக இருக்கும்போதே, நான்கு அங்குலத் தண்டோடு காலையில் சாய்வாக வெட்டுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். இலைக் கணுக்களிலிருந்து சின்னச் சின்னக் கொத்துகள் வந்துகொண்டே இருக்கும், மாசி வெயில் ஏறும் வரை பறிக்கலாம். எனக்கு முதல் கொத்தைவிட இவைதான் பிடிக்கும். இளம் இலையைக் கீரை போலப் பருப்போடு கூட்டு வைக்கலாம், தண்டைத் தோல் சீவிப் பொரியலில் சேர்க்கலாம்.