அம்மாவின் நோயை அம்மாவிடம் யார் சொல்வது?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

"அம்மாவுக்கு 61 வயது. தேயிலை பறித்து ஓய்வு பெற்றவர். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) அண்ணனோடு இருக்கிறார். உதிரப்போக்கு நிற்கவில்லை என்று அண்ணன் கோட்டயம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பயாப்சியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தது. டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். 'அம்மாவிடம் சொல்லாதீர்கள், புண் என்று சொல்லிக்கொள்கிறோம்' என்று அண்ணன் கேட்க, அவரும் சரி என்றுவிட்டார். பயாப்சிக்கான படிவம் மலையாளத்தில் இருந்தது. அதிலும் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். இனி கரண்டும் (கதிர்வீச்சு) கீமோவும் வைக்க வேண்டுமாம். அம்மா போனில் 'எனக்கு என்னடி செய்யுது, மறைக்காமச் சொல்லு' என்கிறார். மதுரையில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று ரிப்போர்ட் கேட்டால் தர மறுக்கிறார்கள். டாக்டர் செய்தது சரியா? நான் என்ன செய்யட்டும்?"

டாக்டர் செய்தது சரியில்லை. அம்மா சுயநினைவோடு இருக்கிறார், தன் உடம்பைப் பற்றி வாய்விட்டுக் கேட்கிறார். அப்படியிருக்க அவர் நோயை முதலில் கேட்க வேண்டியவர் அவரே. அடுத்து யாருக்குச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மகன் கேட்டுக்கொண்டதால் அந்த உரிமை மகன் கைக்குப் போய்விடாது.

நம் ஊர் வழக்கம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. கேன்சர் என்ற சொல்லைக் கேட்டாலே ஆள் பாதியாகிவிடுவார் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணன் செய்ததும் பாசத்தில்தான். ஆனால் டாக்டரின் கடமை வேறு. குடும்பம் கேட்பதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்வது அந்தக் கடமையில் சேராது.

இந்தக் கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆஸ்பத்திரியில் நீங்கள் தைரியமாகப் பேசலாம். நாஜி முகாம்களில் டாக்டர்களே கைதிகள் மீது அவர்கள் சம்மதமில்லாமல் சோதனை நடத்திய கொடுமை நியூரம்பர்க் விசாரணையில் வெளிவந்த காலத்தில், 1947-இல், உலக மருத்துவர் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே ஜெனீவாவில் டாக்டர்களுக்கான உறுதிமொழியை அது வகுத்தது. 2017-இல் அதைத் திருத்தியபோது, நோயாளி தனக்காகத் தானே முடிவெடுக்கும் உரிமையை மதிப்பேன் என்ற வரியைச் சேர்த்தார்கள். அதே சங்கம் 1981-இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளி உரிமைப் பிரகடனம் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. நோயாளிக்குத் தன் நிலைமையை முழுதாக அறியும் உரிமை உண்டு. அவருக்குப் புரியும் விதத்தில் சொல்ல வேண்டும். தனக்குப் பதிலாக யாரிடம் சொல்லலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று அவரே வெளிப்படையாகச் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும் என்கிறது அது. சொன்னால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால், அபூர்வமாக மறைக்கலாம் என்று ஒரு விலக்கும் அதில் இருக்கிறது. அழுவார், சாப்பிடமாட்டார், பயந்துவிடுவார் என்பவை அந்த விலக்கில் அடங்கா. அழ வேண்டிய செய்தியைக் கேட்டால் யாரும் அழத்தான் செய்வார்கள்.

இவை சட்டங்கள் அல்ல, தொழில்நெறிகள். நம் நாட்டில் டாக்டர்களைக் கட்டுப்படுத்துபவை 2002-ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில் ஒழுக்க விதிகள். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகவே இன்றும் பழையவைதான் செல்லும். இந்த 2002 விதிகளில் ஒரு சிக்கல் உண்டு. நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பருக்கோ போதிய விவரம் தெரிந்திருக்கும்படி டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தொடர்கிறது. அந்த 'உறவினர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பல டாக்டர்கள் நோயாளியைத் தாண்டிப் போகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தந்த ஒரு தீர்ப்பு இந்த இடத்தில் உதவும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்கு, என்ன நோய் என்று பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் சோதனை) செய்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, முடிவெடுக்கத் தகுதியுள்ள வயதுவந்த ஒருவருக்காக வேறு யாரும், பெற்ற தாயே ஆனாலும், சம்மதம் தர முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதமும் ஆகாது. சம்மதம் வாங்கும் முன் என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், முக்கியமான ஆபத்துகள் என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். பயாப்சிக்கு அண்ணன் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கரண்டு வைக்க முடியாது என்பது உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பதில்.

சட்டத்தை விடுங்கள். இந்தச் சிகிச்சையை மறைத்து நடத்தவே முடியாது என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் என்று 5 வாரம் போகும். கூடவே வாரம் ஒருமுறை கீமோ. அதன் பிறகு பிரேக்கிதெரபி: பிறப்புறுப்பு வழியாகக் கருவியை உள்ளே பொருத்தி, கதிர்வீச்சைக் கட்டிக்கு அருகிலேயே தருவது. வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்து உழைத்த ஒரு பெண்மணியைப் படுக்கவைத்து, இதெல்லாம் எதற்கென்றே சொல்லாமல் அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். எந்தப் பாசத்தின் பெயராலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. பேதி, மூத்திர எரிச்சல், களைப்பு எல்லாம் வரும். எதனால் வருகிறது என்று தெரிந்தவர் சிஸ்டரிடம் உடனே சொல்வார். புண்ணுக்கு மருந்து என்று நம்பிக்கொண்டிருப்பவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'இனி வரமாட்டேன்' என்று லயத்திலேயே படுத்துவிடுவார். கதிர்வீச்சும் பிரேக்கிதெரபியும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிவது நல்லது; இடையில் விட்டால் பலன் குறையும். அதோடு, அந்த வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரே நாளில் உண்மையைச் சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளைகள் மறைத்ததை அம்மா அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இனி செய்ய வேண்டியவை. நீங்களே அம்மாவிடம் போனில் போட்டு உடைக்காதீர்கள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு டாக்டரைத் தனியாகப் பாருங்கள். சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம். "அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களே அவரிடம் பேச வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்" என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்களுக்கு இது நிம்மதியாகத்தான் இருக்கும். குடும்பம் தடுக்கிறது என்பதால்தான் பலர் பேசாமல் இருக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியையும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்கவா, வேதனையைக் குறைக்கவா? கரண்டும் கீமோவும் சேர்த்துத் தரலாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் பெரும்பாலும் குணமாக்கும் நோக்கம் இருக்கும். அப்படியானால் அம்மா கேட்கப்போகும் செய்தியில் நம்பிக்கையும் இருக்கிறது, அதை அண்ணனும் காதால் கேட்கட்டும்.

டாக்டர் அம்மாவிடம் பேசும்போது முதல் கேள்வி "உங்களுக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும். அடுத்தது "எல்லா விவரமும் உங்களிடம் சொல்லட்டுமா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?" நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அம்மா தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார் என்று தோன்றுகிறது. ஒருவேளை "நீங்களே பார்த்துக்குங்க, எனக்கு எதுவும் சொல்ல வேணாம்" என்றால் அதுவும் அவர் முடிவுதான், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. அந்த முடிவை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும்.

எல்லைப் பகுதியில் மொழி ஒரு தனிப் பிரச்சினை. எஸ்டேட் தமிழர்களுக்குச் சந்தை மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் 'சிறுநீர்ப்பை பாதிக்கப்படலாம்' என்பதைப் புரிந்துகொள்ள அது போதாது. வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து 'என்ன சொன்னாரு?' என்று கேட்பார்கள். மொழிபெயர்க்க அண்ணனை வைக்க வேண்டாம். மறைக்க நினைப்பவர் வாயில் சொற்கள் தானாகவே மெலிந்துபோகும். தமிழ் தெரிந்த சிஸ்டரோ டாக்டரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் நர்சிங் படித்துவிட்டு வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். பேசி முடித்ததும் "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்" என்று அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அம்மா சொல்லும் பதிலிலேயே எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும்.

படிவம் தமிழில் இல்லையென்றால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்று அதிலேயே எழுதி, விளக்கியவர் பெயரும் கையெழுத்தும் சாட்சி ஒருவர் கையெழுத்தும் வாங்க வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. நோயாளியோ அவர் அதிகாரம் தந்த உடனிருப்பவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும் என அந்த விதியில் இல்லை. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல டாக்டர் இதில் கோபப்பட மாட்டார். 'அதிகாரம் தந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கேட்டுப் பெற, அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அதற்கும் அம்மாவிடம் பேசித்தான் ஆக வேண்டும்! கோரிக்கையை எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன கேட்க வேண்டும்? பயாப்சி ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்சி ஸ்லைடுகளும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் வேண்டும். இரண்டாவது ஆஸ்பத்திரியில் அவற்றை மறுபடி பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்குத் திரும்பவும் பயாப்சி எடுக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் படங்களை சிடியில் வாங்குங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போவதென்றால் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே போய்விடுங்கள். தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரி மாற்றுவது நல்லதல்ல. அம்மாவின் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தினுடையது என்பதையும் முதலில் பாருங்கள், அரசுக் காப்பீடு அதைப் பொறுத்தே கிடைக்கும். அந்த விஷயத்தில் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கணக்கே வேறு.

எழுதிக் கொடுத்தும் தரவில்லை என்றால் புகார் செய்யலாம். டாக்டரின் ஒழுக்கம் பற்றிய புகார், அவர் பதிவு செய்திருக்கும் மாநிலத்தின் மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். கேரள டாக்டர் என்றால் திருவனந்தபுரம். நஷ்ட ஈடு கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். 2019 சட்டப்படி நோயாளி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பத்துக்காரர் கோட்டயத்தில் வைத்தியம் பார்த்திருந்தாலும் தேனியிலேயே போடலாம் என்பதை எல்லையோர வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் இப்போதைக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக அண்ணன். அவரைக் குற்றவாளியாக்கி வீட்டில் நிறுத்தாதீர்கள். இத்தனை நாளும் அந்தச் செய்தியைத் தனியாகச் சுமந்தவர் அவர்தான். அம்மாவிடம் பேசும் நாளில் அவரும் அறையில் இருக்க வேண்டும். அதற்கு அவர் தயங்கினால், வீட்டுக்கு வந்து பேசக்கூடியவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலித்தணிப்புச் சேவை பரவி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்து தோறும் பாலியேட்டிவ் சிஸ்டர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டுமானது அது என்று எண்ணிவிட வேண்டாம். நோய் கண்ட நாளிலிருந்தே உதவுவார்கள். இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு வரும் இரவுகளை எப்படிக் கடப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அம்மாவின் பஞ்சாயத்திலுள்ள குடும்ப சுகாதார நிலையத்துக்கு அண்ணனைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். லயத்துக்கு வரும் ஆஷா பணியாளரிடம் சொன்னாலும் ஏற்பாடு செய்து தருவார்.