ஒரு வட்டாரத்தில் உள்ள சிறிய சூழல் குழுக்கள் சேர்ந்து வேலை செய்வது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் "எல்லோரும் ஒரே அமைப்பாகிவிடலாம்" என்று தொடங்கினால், மூன்றாவது கூட்டத்திலேயே பேனரில் யார் பெயர் முதலில் என்ற சண்டை வந்துவிடும். அப்படி உடைந்த ஒரு கூட்டமைப்பில் நானும் இருந்திருக்கிறேன். தனியாகச் செய்யவே முடியாத வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நிலைக்கும். எனக்குத் தெரிந்த உதாரணம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு.

2011இல் தொடங்கியது, ஜனவரி மாதத்தில் நடக்கும். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஒருங்கிணைக்கிறது. நெல்லை, தூத்துக்குடி இயற்கைக் குழுக்களும் மாணவர்களும் என்னைப் போன்ற தன்னார்வலர்களும் அணி அணியாகப் பிரிந்து குளங்களுக்குப் போவோம்.

ஏன் சேர்ந்துதான் செய்யவேண்டும்? வாத்துதான் காரணம். காலையில் நான் எண்ணிக்கொண்டிருக்கும் ஊசிவால் வாத்துக் கூட்டம், மீன் பிடிக்க ஒருவர் தண்ணீரில் இறங்கினாலே மொத்தமாக எழும்பி அடுத்த குளத்துக்குப் போய்விடும். அங்கே வேறொரு குழு அடுத்த வாரம் எண்ணினால் அதே வாத்து இரண்டு தடவை கணக்கில் ஏறும். தவிர, மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் வாய்க்கால்களில் வரும் தண்ணீர் எல்லாக் குளத்துக்கும் ஒரே மாதிரி சேர்வதில்லை. காய்ந்த குளத்தை மட்டும் பார்த்தவர் "பறவைகளே இல்லை" என்று எழுதுவார். அவை நாலு கிலோமீட்டர் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும்.

சில்லறைச் சிக்கல்களுக்குக் குறைவில்லை. நாங்கள் ஒரு வருடம் வேறு அணிக்கு ஒதுக்கிய குளத்தில் போய் நின்றோம். எங்கள் கையில் இருந்த பட்டியலில் அது ஊர்ப் பெயரில் இருந்தது, அவர்கள் பட்டியலில் குளத்தின் பெயரில். நாமக்கோழிகளைப் பத்துப் பத்தாக எண்ணி இருநூறைத் தாண்டிய பிறகுதான் எதிர்க்கரையில் இன்னொரு தொலைநோக்கி எங்களைப் பார்ப்பது தெரிந்தது! அப்புறம் குளம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயரையும் எழுதி வைத்தோம். நீங்கள் தொடங்குவதானால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். எல்லோருக்கும் ஒரே தேதி, ஒரே படிவம். நிரப்பிய தாள் எல்லாக் குழுவுக்கும் கிடைக்கவேண்டும். தரவை ஒருவர் பூட்டி வைத்தால் அடுத்த வருடம் ஆள் வராது.

சரி, பறவைகளை எண்ணுவதால் குளத்து ஆக்கிரமிப்பு அகன்றுவிடுமா? அகலாது. ஆனால் ஒரு குளத்துக்காக மனு கொடுக்கும்போது, பல வருடக் கணக்கு கையில் இருந்தால் அதிகாரி உட்காரச் சொல்கிறார். அது இல்லாத காலத்தில் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்திருக்கிறோம்.

அப்புறம் குளத்து ஆட்கள். முதல் வருடம் மீன் குத்தகை எடுத்தவர் எங்களைப் பார்த்து, "என்ன, குளத்தை அளக்க வந்தீங்களா?" என்று கோபமாகத்தான் கேட்டார். தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்தோம். கூழைக்கடாவின் அலகுப் பையைப் பார்த்துவிட்டு, "நம்ம மீனெல்லாம் இதுக்குள்ளதான் போவுதா" என்றார். இப்போது டிசம்பரிலேயே போன் போட்டுவிடுகிறார்: "தம்பி, உங்க வாத்து வந்துட்டு."