மாத்திரை இருக்கட்டும், பிரஷர் பார்த்தீர்களா?

கேள்வி: இது முதல் கர்ப்பம், 32 வாரம். பத்து நாளாகத் தலைவலி. பாரசிட்டமால் ஐந்தாறு போட்ட பிறகுதான், அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று யூடியூபில் பார்த்தேன். பயந்துபோய் மெடிக்கலில் கேட்டு இப்போது ஐபுப்ரோஃபென் போடுகிறேன். கால் வீக்கம், நெஞ்செரிச்சல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் உண்டு. என் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: நீங்கள் போட்ட பாரசிட்டமாலால் ஆட்டிசம் வரும் என்று பயப்படக் காரணமே இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் இதைப் பேசப்போக, இங்கே ஆளாளுக்கு வீடியோ போட்டுவிட்டார்கள். ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-லேயே வந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தபோது, பாரசிட்டமால் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் துளி கூடுதலாகத் தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை எடுத்த கர்ப்பத்தையும் எடுக்காத கர்ப்பத்தையும் ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

வீடியோவுக்குப் பயந்து நீங்கள் மாற்றிக்கொண்ட மாத்திரைதான் வேண்டாதது. ஐபுப்ரோஃபென் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். 30 வாரம் தாண்டினால், பிறந்த பிறகு மூட வேண்டிய இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கவும் கூடும். இன்றே நிறுத்துங்கள். எத்தனை போட்டீர்கள் என்பதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்ப்பார். கர்ப்பிணிக்குச் சீட்டில்லாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த அந்தக் கடைக்காரரை என்ன சொல்வது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு எழுதியவர், கடைசியாக பிரஷர் எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. ஏழு, எட்டு மாதத்தில் விடாத தலைவலி என்றால் எனக்கு முதலில் வேண்டியது அந்த எண்தான். 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினால் அது ப்ரீஎக்ளாம்ப்சியா. முதல் கர்ப்பத்தில் இதற்கு வாய்ப்பு கூடுதல். நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் கோளாறு என்பதால் பிரசவம் ஆனால்தான் முழுத் தீர்வு; அதுவரை பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, தாயையும் குழந்தையையும் கண்காணித்து நாளைக் கடத்துவோம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். அதைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் ஊசி போட நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமே!

அதனால் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ போய், பிரஷரும் சிறுநீரும் பாருங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். தலைவலியோடு கண் மங்கினாலோ, பூச்சி பறப்பது போலத் தெரிந்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நெஞ்செரிச்சலும் கெண்டைக்கால் பிடிப்பும் இந்த மாதத்தில் சகஜம். இரண்டு காலும் சாயங்காலம் ஒரே மாதிரி வீங்கிக் காலையில் வடிந்தால் அதுவும் அப்படித்தான். பார்லி தண்ணீர் பிடித்தால் குடியுங்கள், பிரஷரை அது இறக்காது.