வெங்காய ஏற்றுமதி வரி: ஒப்பந்தத் தேதி காப்பாற்றாது

நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையிலிருந்து கொழும்புக்கு மூன்று மாதம் ஒரே விலையில் வெங்காயம் அனுப்ப ஒப்பந்தம் போடலாமா, நடுவில் வரி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே விலை வேண்டாம். வரி விகிதம் ஒப்பந்தத் தேதிப்படி அல்ல. சுங்க அதிகாரி சரக்கை ஏற்ற அனுமதி தரும் நாளில் உள்ளதுதான். பலர் சறுக்குவது இங்கேதான். 2023 ஆகஸ்டில் 40% வரி, டிசம்பரில் முழுத் தடை. மகாராஷ்டிரத்தில் மக்களவை வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த 2024 மேயில் தடை நீங்கியது, ஆனால் 40% வரி விதிக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு முன், செப்டம்பரில் அது 20% ஆனது. 2025 ஏப்ரலில் போயிற்று. வெங்காயம் விளையும் நாசிக் விவசாயியின் ஓட்டா, நகரத்துச் சில்லறை விலையா என்ற அரசின் கணக்குதான், வேறென்ன?

"புதிய வரி வாங்குபவர் பொறுப்பு, தடை வந்தால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்பும்" என்று எழுதி வாங்குங்கள். விலையை ஒவ்வொரு லோடுக்கும் தனியாகப் பேசுங்கள். சில்லறை விலை மளமளவென்று ஏறினால் வரியோ தடையோ வரலாம்; நவ சேவா துறைமுகத்தில் சரக்கைத் தேங்க விடாதீர்கள்.