உயர்கல்விக்கு எத்தனை வீதம்? எதில் எத்தனை வீதம்?

கேள்வி: கல்விச் செலவில் மூன்றில் ஒரு பங்கு பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது என்கிறார் ஒருவர். எட்டில் ஒன்றுகூட இல்லை என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? (ஆசிரியர், மூதூர்)

பதில்: எந்தத் தொகையால் வகுத்தார்கள் என்று இருவரிடமும் கேளுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் வந்த பிறகு பாடசாலைப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. தேசிய பாடசாலைகள், பாடநூல், பரீட்சை எல்லாம் மத்திய அமைச்சின் கணக்கில் இருக்கின்றன. நாட்டின் பெரும்பாலான அரச பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகள். அவற்றின் ஆசிரியர் சம்பளம் மாகாண சபைக்குக் கிடைக்கும் மானியத்தில் அடங்கும். நீங்கள் மூதூரில் ஒரு மாகாணப் பாடசாலையில் படிப்பிப்பவரென்றால், உங்கள் சம்பளம் திருகோணமலையிலுள்ள மாகாண நிர்வாகத்தின் கணக்கில்தான் விழும். பல்கலைக்கழகச் செலவோ முழுக்க மத்தியில் இருக்கிறது.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம். மத்தியில் கல்விக்கு 100 ரூபாய், அதில் உயர்கல்விக்கு 30 ரூபாய் என்று வைத்தால் பங்கு 30 வீதம். மாகாணங்கள் பாடசாலைகளுக்குச் செலவிடும் 150 ரூபாயையும் சேர்த்தால் மொத்தம் 250. அதே 30 ரூபாய் இப்போது 12 வீதம். பணம் ஒரு சதமும் கூடவில்லை, குறையவில்லை. பல்கலைக்கழகங்கள் அளவுக்கு மிஞ்சி விழுங்குகின்றன என்ற பேச்சு பெரும்பாலும் இந்த முதல் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. பாடசாலையையும் பல்கலைக்கழகத்தையும் எதிரெதிரே நிறுத்தும் பிழையான கணக்கு அது.

கேள்வி: நாமே கணக்குப் பார்க்க வழி உண்டா? (உயர்தர மாணவி, உப்புவெளி)

பதில்: உண்டு. திறைசேரி ஒவ்வொரு வருடமும் வெளியிடும் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டு நூல்களை எடுங்கள். அதில் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒதுக்கீடும் ஓர் இலக்கமிட்ட “தலைப்பின்” கீழ் இருக்கும்: கல்வி அமைச்சு 126ஆம் தலைப்பு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 214ஆம் தலைப்பு. மாகாண சபைத் தலைப்புகளில் மானியத் தொகை மொத்தமாக இருக்கும், கல்வி பிரித்துக் காட்டப்படாது. அதற்கு மாகாண சபையின் சொந்த நிதி அறிக்கை வேண்டும்.

இரண்டு இடங்களில் பலரும் சறுக்குகிறார்கள். ஒன்று, மதிப்பீட்டைச் செலவென்று எடுப்பது. ஒதுக்கிய மூலதனப் பணம் (கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கானது) வருட நடுவில் வெட்டப்படலாம், ஆகவே “உண்மைச் செலவு” என்ற நிரலையே பாருங்கள். அது ஓரிரு வருடம் பிந்தித்தான் வரும். மற்றது, அமைச்சுகளின் பெயர்மாற்றம். உயர்கல்வி சில காலம் தனி அமைச்சு. 2024 முதல் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றும் ஒரே அமைச்சு. அமைச்சின் மொத்தத்தை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால், இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு அமைச்சின் கீழும், மருத்துவ மாணவர் பயிலும் போதனா வைத்தியசாலைகள் சுகாதார அமைச்சின் கீழும் வருவதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பல்கலைக்கழக ஆசிரியர்கள் கேட்ட 6 வீதம் உயர்கல்விக்கு மட்டுமா? (கிண்ணியா)

பதில்: இல்லை. 2012 வேலைநிறுத்தத்தின் கோரிக்கை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் முழுக் கல்விக்கும் என்பது. கல்வி பற்றி உலக நாடுகள் யுனெஸ்கோவுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட இஞ்சியோன் பிரகடனம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம், அல்லது அரச செலவில் 15 முதல் 20 வீதம் என்கிறது. இலங்கை அந்தக் கீழெல்லைக்கும் வெகு கீழே நிற்கிறது.

கேள்வி: கட்டடம் எழும்பிவிடுகிறது, விரிவுரையாளர் மட்டும் போதாது. திருகோணமலை வளாகத்துக்கென்று தனி ஒதுக்கீடு இல்லையா? (பெற்றோர், நிலாவெளி)

பதில்: கோணேசபுரியிலுள்ள வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதி, அதன் பணம் வந்தாறுமூலையை மையமாகக் கொண்ட பல்கலைக்கழக ஒதுக்கீட்டுக்குள் அடங்கும். கட்டடம் மூலதனச் செலவு, சம்பளம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் மீண்டெழும் செலவு. புதிய பதவிகளுக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் வெவ்வேறு வழியில் நகர்வதால் ஒன்று முந்திவிடுகிறது. எங்கள் கரிசனை இங்கேதான்: பங்கு கூடியதா என்று பார்ப்பவர்கள், கூடியது கல்லுக்கா ஆளுக்கா என்று பார்ப்பதில்லை. பிள்ளைகள் ஒரு பாடத்தை உரிய விரிவுரையாளர் இல்லாமலே முடித்து வெளியேறுவது இதனால்தான்.

விவரம் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். “வளாகத்துக்கு எவ்வளவு கிடைத்தது?” என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். ஆண்டைக் குறிப்பிட்டு, மூலதன ஒதுக்கீடு, மூலதனச் செலவு, அனுமதிக்கப்பட்ட விரிவுரையாளர் பதவிகள், நிரப்பப்பட்ட பதவிகள் என நான்கு எண்களைத் தனித்தனியே கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கட்டாயம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அதற்கும் பலனில்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக 2 மாத அவகாசம் உண்டு.