எதிர் பெஞ்சில் நம்ம கோச்

கோட்டுக்கு வெளியே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாஸ்டர், என் மகன் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன நவம்பர் கடைசியில் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு கோச் இவர்கள் யுனிவர்சிட்டிக்கு வேலை மாறி வந்தாராம். இங்கே ஒரே கொண்டாட்டம், அங்கே ஒரே சாபம் என்கிறான். காலேஜ் டீம் கோச் மாறினால் இவ்வளவு கூத்தா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் பையன் கூட்டிச் சொல்லவில்லை சார். அந்தக் கூத்தில் பாதியை நானே பார்த்தேன். போன செப்டம்பரில் பேத்தியைப் பார்க்க டெக்சாஸ் போனவன், மூன்று மாதம் மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, சனிக்கிழமைதோறும் மருமகனோடு அவர்கள் ஃபுட்பாலைப் பார்த்தேன். முட்டை மாதிரி ஒரு பந்து, தலையில் ஹெல்மெட், கொஞ்சம் ஆட்டம், நிறைய விளம்பரம். முதல் இரண்டு வாரம் தூங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் மருமகன், "மாமா, ஓரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவரை மட்டும் பாருங்கள்" என்றார். அப்புறம் தூக்கம் வரவில்லை. ஆட்டம் புரியாவிட்டாலும் கோச்சின் முகம் எனக்குப் புரியும்.

உங்கள் மகன் ஊர் டீம் எல்.எஸ்.யூ., அதாவது லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி. அது எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸில் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் என்பதை நம் லீக்கில் ஒரு டிவிஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோற்றால் கீழே இறக்க மாட்டார்கள். 16 பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடி, வருகிற டி.வி. பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2025 சீசனில் இந்த 16-ல் ஆறு இடங்களில் கோச் மாறினார். ஆர்கன்சா, ஃப்ளோரிடா, எல்.எஸ்.யூ., ஆபர்ன், கென்டக்கி, இந்த ஐந்தும் கோச்சை வீட்டுக்கு அனுப்பின. எல்.எஸ்.யூ. அக்டோபர் 26-ல் பிரையன் கெல்லியை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த பாக்கி மட்டும் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர். நம் பணத்தில் 450 கோடி ரூபாய்க்கு மேல், வேலைக்கு வராமல் இருப்பதற்கு!

ஆறாவது ஆள்தான் உங்கள் மகன் சொன்னவர், லேன் கிஃபின். அவரை யாரும் அனுப்பவில்லை, அவராகவே போனார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை செல்லமாக ஓல் மிஸ் என்பார்கள். அந்த டீமை 2020 சீசனிலிருந்து வளர்த்து, 11 வெற்றி ஒரு தோல்வி என்று முதல் முறையாக பிளேஆஃப் வாசலில், அதாவது சாம்பியனை முடிவுசெய்கிற நாக்-அவுட் சுற்றின் வாசலில், கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, "நான் எல்.எஸ்.யூ.வுக்குப் போகிறேன்" என்றார். பிளேஆஃபை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டும் பார்த்தார். நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓல் மிஸ் இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரின் விமான நிலையத்தில் ஜனம் திரண்டு நின்று கத்தியதை டி.வி.யில் காட்டினார்கள். சிலர் கையால் காட்டிய சைகையை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஒரு மாதம் பொறுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மருமகன் காலண்டரைக் காட்டினார். டிசம்பர் 3 முதல், பள்ளி முடிக்கிற பையன்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று கையெழுத்துப் போடும் நாட்கள். ஜனவரி 2-ல், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற பையன்கள் வேறு டீமுக்கு மாறக் கதவு திறக்கிறது. பிளேஆஃப் இந்த இரண்டுக்கும் நடுவில் தொடங்கி, கதவு திறந்த பிறகும் ஓடுகிறது. புது டீமுக்குப் பையன்களைப் பிடிக்க வேண்டுமென்றால் டிசம்பருக்கு முன்னால் அங்கே இருந்தாக வேண்டும். இங்கே பந்தி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே சமையல்காரரை அடுத்த கல்யாணத்துக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிற கதை. திட்டுவதென்றால் முதல் திட்டு இந்தக் காலண்டரைப் போட்டவர்களுக்குத்தான்.

கோச் போன டீம் படுத்துவிட்டதா? இல்லவே இல்லை. டிஃபன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த பீட் கோல்டிங்கைத் தலைமை கோச் ஆக்கினார்கள். பிளேஆஃபில் துலேன் பல்கலைக்கழகத்தை அடித்தார்கள். ஜனவரி 1-ல் ஜார்ஜியாவை 39-34 என்று சாய்த்தார்கள். எங்கே? லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸில்! அதற்குள் நான் வியாசர்பாடிக்குத் திரும்பிவிட்டேன், இருந்தாலும் மருமகனுக்கு போன் போட்டு சிரித்தேன். அரையிறுதியில்தான் மயாமியிடம் போனார்கள்.

அப்படியும் கோபம் ஆறவில்லை என்றால், காரணம் அவர் போனது இல்லை, போன இடம். வேறு கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தால் நாலு நாள் புலம்பிவிட்டு மறந்திருப்பார்கள். அதே வட்டத்துக்குள் போனவரை எதிர் பெஞ்சில் பார்த்தாக வேண்டும். 2026 சீசனில் எல்.எஸ்.யூ. ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்து ஆடப்போகிறது.

எதிர் பெஞ்ச் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் சார். 1982. எனக்கு 24 வயசு, நம் ஊர் ஃபுட்பாலில், ஒரு அலுவலக டீமில் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஓடி கோல் பக்கம் பந்தைக் கொண்டுபோகிறவன். ஆனால் என் இடது கால் வெறும் ஊன்றுகோல். பந்தை வாங்கி உள்ளே வெட்டி வலது காலால் அடிப்பேன், அது ஒன்றுதான் என் வித்தை. அதைச் சொல்லித்தந்தவர் எங்கள் கோச். பெனால்டி பாக்ஸ் மூலையில் செங்கல்லை வைத்து, அதைச் சுற்றி வரச் சொல்லி, மாதக்கணக்கில் சாயங்காலம் இருட்டும்வரை விடமாட்டார். லீக் பாதியில் அவர் அதே டிவிஷனில் இன்னொரு அலுவலக டீமுக்குப் போய்விட்டார். மூலக்கடை டீக்கடையில் எவனோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த டீமோடு மேட்ச் வந்தது. என்னைத் தடுக்க வேண்டிய அவர்கள் ரைட் பேக் என் எதிரே நிற்கவே இல்லை. கோட்டுப் பக்கத்தை அகலமாகத் திறந்துவிட்டு, உள்பக்கத்தை அடைத்து நின்றான். போ, கோட்டோரமாகவே போ என்கிற மாதிரி. போனேன். இடது காலால் கிராஸ் போட்டேன், பந்து கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. மறுபடியும் அதே. மூன்றாவது தடவை எதிர் பெஞ்சிலிருந்து பழகின குரல்: "டேய் குள்ளா, இடது காலை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டியா?" எங்கள் டீம் பையன்களே சிரித்துவிட்டார்கள். 0-2. முடிந்ததும் உப்புத் தொட்ட எலுமிச்சை மூடியோடு என்னிடம் வந்தார், எப்போதும் தருகிற மாதிரி. நான் வாங்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவர் பெயருக்குக் கீழே பதவியும் அலுவலகமும் அச்சாகியிருந்தது. எங்களிடம் ஒன்பது வருஷம் தினக்கூலி. அங்கே போனதும் நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன். என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதி அந்த டீக்கடைக்கானது, அது இன்னும் இருக்கிறது.

நம் ஊர் ரசிகர்களுக்கும் இது புதுசில்லை. ஓவன் காயில் 2019 டிசம்பரில் வந்து, அடிமட்டத்தில் கிடந்த சென்னையின் எஃப்.சி.யை ஃபைனல்வரை தூக்கிப்போனார். அடுத்த சீசனில் அதே ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூர் கோச். அதிகம் கோல் அடித்த வால்ஸ்கிஸும் அவரோடு அங்கே! அப்புறம் 2023-ல் காயில் இங்கேயே திரும்பி வந்தார், நாமும் கைதட்டினோம். ஓல் மிஸ்காரர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், நம்மைக் கேவலமாக நினைப்பார்கள்.

கேள்வி: அப்போ கிஃபின் துரோகியா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: ஒரு வார்த்தையில் முடியாது தம்பி. என் கோச்சோடு அவரை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இவருக்கு வருஷச் சம்பளம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர், நிரந்தர வேலைக்காகப் போனவர் இல்லை. பழக்கமும் இருக்கிறது. டென்னசி பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஒரே ஒரு சீசன் கோச்சாக இருந்துவிட்டுக் கிளம்பியவர். 2021-ல் ஓல் மிஸ் டீமோடு அங்கே ஆடப் போனபோது கோல்ஃப் பந்தும் கடுகு சாஸ் பாட்டிலும் பறந்து வந்தன. பன்னிரண்டு வருஷம் ஞாபகம் வைத்திருந்தார்கள், பாருங்கள்.

ஆனால் ஓல் மிஸ்ஸுக்கு இது முதல் அடி இல்லை. 1998-ல் டாமி டியூபர்வில் என்ற கோச், என்னை இங்கிருந்து சவப்பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, சில நாளிலேயே அதே கான்ஃபரன்ஸில் ஆபர்னுக்குப் போனார். இப்போது அமெரிக்க செனட்டர். அந்த வேலைக்குப் பொருத்தமானவர்தான்.

கேள்வி: கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தது யார்?
– பள்ளி மாணவன், பெரம்பூர்

பதில்: நியாயமான கேள்வி. 1869 நவம்பரில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் அங்கே முதல் காலேஜ் மேட்ச் என்கிறார்கள். அன்றைக்குப் பந்து உருண்டை, கையில் தூக்கி ஓடக்கூடாது. அப்புறம் ரக்பி பக்கம் போய், கையில் எடுத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

கேள்வி: என் மகன் எட்டாவது படிக்கிறான். அவனுக்குச் சொல்லித்தந்த கோச் வேறு அகாடமிக்குப் போய்விட்டார். இவனும் போகணும் என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுகிறான். அனுப்பலாமா மாஸ்டர்?
– ஒரு தாய், கொடுங்கையூர்

பதில்: உடனே பதில் சொல்லாதீர்கள் தங்கச்சி. இரண்டு சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு புது இடத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். அந்த கோச் இவன் வயசுப் பையன்களோடு அவரே மைதானத்தில் நிற்கிறாரா, இல்லை போர்டில் மட்டும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பெரிய கோச் பெரிய பையன்களோடு நிற்பார், சின்னப் பையன்களை அவர்களுக்கு மூத்த பையன் ஒருவன் விசில் வைத்துக்கொண்டு ஓட்டுவான். அதற்கு இப்போது இருக்கிற இடமே தேவலை. திரும்பி வர எத்தனை மணியாகிறது, பஸ் இருக்கிறதா என்பதையும் அதே இரண்டு நாளில் பார்த்துவிடலாம்.

"பையனை அனுப்புங்க" என்று கோச்சே போன் போட்டுக் கூப்பிட்டாரா? அப்படியென்றால் ஃபீஸ் என்ன என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆள் சேர்த்துத் தரச்சொல்லி அவருக்கு ஒரு நெருக்கடி இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுப்புவதென்று முடிவெடுத்தால், நடக்கிற டோர்னமென்ட்டை முடித்துவிட்டு அனுப்புங்கள். பழைய கிளப்பில் பெயர் பதிவாகியிருந்தால் அதை எழுத்தில் விடுவித்து வாங்கிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு, மேட்ச் அன்றைக்குக் காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, "நீ ஆட முடியாது" என்று கேட்டு அழுத பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் நின்றுவிட மட்டும் விடாதீர்கள். அவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஜெர்சி கிளப்புடையது என்றால் துவைத்து, மடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த நம்பருக்கு அங்கே ஒரு பையன் காத்துக்கொண்டிருப்பான்.