ஊரடங்குக்குப் பிறகு மதுரையின் இரவுக் கடைகள் பழையபடி திரும்பிவிட்டனவா? வெளியூர்க்காரர்களை நம்பி ராத்திரித் தொழில் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பாங்காக், கோவா மாதிரி ஊர்களோடு ஒப்பிட்டால் எப்படி? உதவி ஏதும் கிடைத்ததா? நண்பர்களோடு மதுரைக்கு வரப்போகிறோம், அதனால்தான் கேட்கிறேன்.

பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் "இன்று முதல் திறக்கலாம்" என்று அரசு அறிவித்த தேதிகளில் அல்ல. அதோடு, நள்ளிரவுக்கு மேல் நடந்த வியாபாரம் இன்னும் முழுசாக வரவில்லை.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் என் மாமா ராத்திரி பரோட்டாக் கடை நடத்துகிறார். கொரோனாவுக்கு முன்பிருந்தே கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நான்தான். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். மற்ற கடைக்காரர்களுக்கு வேறு கதை இருக்கலாம்.

கேள்வியில் பாங்காக்கையும் கோவாவையும் இழுத்திருக்கிறீர்கள். தாய்லாந்தில் 2021 ஏப்ரலில் மூடிய பப், பார்கள் 2022 ஜூன் 1ஆம் தேதிதான் முறைப்படி திறந்தன, அதுவும் நள்ளிரவு வரைக்கும்தான். நடுவில் நிறைய பார்கள் உணவகம் என்று பெயர் மாற்றிப் பதிந்துகொண்டு, சாப்பாட்டோடு சேர்த்து மது பரிமாறிக் காலத்தை ஓட்டின. அங்கே இரவுத் தொழில் என்றால் மதுவும் பாட்டும். மதுரையில் அந்தக் கணக்கு செல்லாது. டாஸ்மாக் பத்து மணிக்குச் சாத்திவிடும், ஸ்டார் ஹோட்டல் பார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த ஊருக்கு வருகிறவருக்கு ராத்திரி என்றால் மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வெளியே வந்து சாப்பிடுவது. இல்லையென்றால் திருமலை நாயக்கர் மகாலில் எட்டு மணிக் காட்சி, ஒலியும் ஒளியும் பார்த்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. ராமேஸ்வரத்திலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் வந்து இறங்கும் டூர் வேன்களும் உண்டு. அதாவது எங்கள் கடைக்கு ஆள் அனுப்புவது கோயில், பஸ், ரயில், லாட்ஜ். இந்த நான்கும் மூடிக் கிடக்கும்போது கடைக்கு மட்டும் அனுமதி கொடுத்து என்ன பிரயோஜனம்?

2020இல் அதுதான் நடந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணமே மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான். அதனால் ஊருக்குள் பயம் மற்ற இடங்களைவிட ஒரு படி கூடுதல். ஜூன் 8 முதல் பாதி இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம், எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். நாற்காலியைப் பாதியாக்கி, தரையில் வட்டம் போட்டுத் திறந்தோம். அதற்குள் ஜூன் 24ஆம் தேதி மதுரை மாநகராட்சிக்கும் பரவை பேரூராட்சிக்கும் சுற்றியுள்ள ஒன்றியங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. முதலில் ஒரு வாரம் என்றார்கள், நீட்டி நீட்டி ஜூலை 14 வரை போனது. செப்டம்பர் 1ஆம் தேதி கோயில் திறந்தது, 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. அக்டோபர் 22 முதல் கடைகளுக்குப் பத்து மணி வரை நேரம் கொடுத்தார்கள்.

என் ஆதங்கமெல்லாம் இந்த "மணி வரை" என்பதில்தான். எட்டு மணிக்கு மூடு என்றால் ஜவுளிக்கடைக்கு ஒரு மணி நேர நஷ்டம். ராத்திரிக் கடைக்கோ, திறக்காதே என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். எங்களுக்கு ஏழு மணிக்குத்தான் கல்லில் சூடு ஏறும். முன்பெல்லாம் கூட்டம் தானாகவே பிரிந்து வரும்: எட்டு மணிக்குக் குடும்பங்கள், பத்து மணிக்குக் கோயில் முடிந்து வருகிறவர்கள், பதினொன்றரைக்கு இரண்டாம் ஆட்டம் போகாமல் தப்பித்தவர்களும் கடை கட்டிவிட்டு வரும் வியாபாரிகளும், ஒரு மணிக்கு மேல் ஆட்டோக்காரர்கள், லாரிக்காரர்கள், பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். இத்தனை பேரையும் ஏழிலிருந்து ஒன்பதே முக்காலுக்குள் திணித்தால் என்ன ஆகும்? மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருவர் முதுகில் ஒருவர் நிற்பார்கள். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட கட்டுப்பாடு கூட்டத்தை நெருக்கியது. மூடிய அறையில் ஏசி போட்டு ஆட்டம் பாட்டம் நடக்கிற பாருக்கு நேரக் கட்டுப்பாடு சரியாகவே இருக்கலாம். தெருவோரம் காற்றாட இலை போட்டுச் சாப்பிடுகிற ஊருக்கும் அதே கடிகாரத்தைப் பொருத்தியது எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. நேரத்தைக் குறைப்பதற்குப் பதில் இடத்தைக் கூட்டியிருக்கலாம். வீதியில் பாதியை அடைத்துப் பெஞ்சு போட விட்டிருந்தால் விடியும்வரை ஆள் பரவி வந்திருப்பார்கள்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் மாவு. பரோட்டாவுக்கு மைதா பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, வீசிச் சுருட்டி, மறுபடி கொஞ்சம் ஊறவிட்டுத்தான் கல்லுக்குப் போகும். நாலு மணிக்குப் பிசைந்தால்தான் ஏழு மணிக்குச் சரியாக வரும். பிறகு ஒன்பது மணி வாக்கில் நள்ளிரவுக் கூட்டத்துக்கு இன்னொரு தடவை பிசைவோம். ஊரடங்கு அறிவிப்பு எப்போது வரும்? சாயங்காலம் டிவியில். ஆறு மணிச் செய்தியில் "நாளை முதல்" என்று வந்தால் பரவாயில்லை, ஒரு நாள் அவகாசம் இருக்கும். "இன்று இரவு முதல்" என்று வந்துவிட்டால் ஊறிக்கொண்டிருக்கும் மாவை என்ன செய்வது? ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வீசும்போது கிழியும். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "முதலாளி, இதை வீச முடியாது, சப்பாத்திக் கட்டையில தேய்க்க வேண்டியதுதான்" என்பார். அதனால் மாமா இரண்டாவது தடவை பிசைவதையே நிறுத்திவிட்டார். அந்த ஒரு முடிவிலேயே எங்கள் கடை நள்ளிரவுக் கடை என்ற நிலையிலிருந்து சாயங்காலக் கடை ஆகிவிட்டது.

பார்சல்தான் காப்பாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். டிபன் கடைகளுக்கு இருக்கலாம். பரோட்டாவை இலையில் கட்டினால் கால்மணி நேரத்தில் தன் ஆவியிலேயே நமத்துவிடும், கொத்துப் பரோட்டா களி மாதிரி ஆகிவிடும். டெலிவரி ஆப்பில் சேர்ந்து பார்த்தோம். அவர்கள் எடுக்கும் கமிஷன் போக மிச்சம் நின்றது சால்னா வாசம்தான். போதாக்குறைக்கு, 2019 ஜனவரியில் தடை செய்த பிளாஸ்டிக் கவர் அந்த மாதங்களில் ஊர் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. சால்னாவை வேறு எதில் கட்டிக் கொடுப்பது?

ஆள் விஷயம் இன்னும் மோசம். எங்கள் மாஸ்டர் பேரையூர் பக்கம். முதல் ஊரடங்கில் ஊருக்குப் போனவர் நூறு நாள் வேலைக்குப் போனார், பிறகு ஒரு லோடு ஆட்டோ ஓட்டினார். கூப்பிட்டபோது, "வர்றேன் மொதலாளி, ஆனா மறுபடி சாத்திட்டா எனக்கு என்ன வழி?" என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. முன்பணத்தைக் கூட்டிக் கொடுத்துத்தான் அழைத்து வந்தோம். வராதவர்கள் இடத்தில் அஸ்ஸாம், நேபாளப் பையன்கள் வந்தார்கள். பரோட்டா வீசுவதை மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள், கறி தோசைப் பக்குவம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அந்தக் காலத்தில் ஷட்டரை எட்டு மணிக்கு இறக்காமல் ஏழே முக்காலுக்கே இறக்கியதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நேரம் கடந்து செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போன அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. சிபிஐக்குப் போன அந்த வழக்கு விசாரணை நடந்தது எங்கள் மதுரைக் கோர்ட்டில்தான். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரனுக்காவது "இன்னும் பத்து நிமிஷம்" என்று சொல்ல வாய் வருமா? ரோந்து வண்டி சைரன் தெரு முனையில் கேட்டாலே, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இலையோடு எழுந்துவிடுவார்.

இனி வெளியூர்க்காரர்கள். 2020 கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சீசன் படுத்துவிட்டது. சபரிமலையில் வார நாட்களில் முதலில் ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி. ஆந்திரா, கர்நாடகா வேன்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை. எங்களுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை, மாலை போட்டவர் கறிக்கடைக்கு வரமாட்டார். அடிபட்டது இட்லிக் கடைகளும் லாட்ஜ்களும். எதிர் லாட்ஜில் ராத்திரி ரிசப்ஷனில் இருக்கும் அண்ணன் சாவி மாட்டும் பலகையைக் காட்டுவார். எல்லா சாவியும் ஆணியில் தொங்கும். வெள்ளைக்காரர் கதை தனி. 2020 மார்ச்சில் நின்ற டூரிஸ்ட் விசா, சாதாரண விமானத்தில் வருகிறவர்களுக்கு 2021 நவம்பர் 15ஆம் தேதிதான் மறுபடி கிடைத்தது. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் 27இல்தான் ஓடத் தொடங்கின. அதற்குள் எங்களுக்கு வெயில் காலம் வந்துவிட்டது, அவர்கள் வருவது டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான். ஆக, இரண்டு முழு சீசன் போய், மூன்றாவது 2022 கடைசியில்தான் கிடைத்தது.

நடுவில் 2021 ஏப்ரல் 20இலிருந்து இரவு ஊரடங்கு, மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டாம் அலையைப் பற்றி வியாபாரக் கணக்கில் பேச மனம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே போனவர்கள் இருக்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் நேரக் கட்டுப்பாடு எடுத்தார்கள், நவம்பர் 1இல் பார்களும் திறந்தன. அப்பாடா என்று உட்காரும்போது அதே நவம்பரில் 19 கிலோ கேஸ் சிலிண்டர் 2,000 ரூபாயைத் தாண்டியது. சமையல் எண்ணெயும் ஏற்கெனவே ஏறிக் கிடந்தது. பரோட்டா விலையை ஏற்றினால் உள்ளூர் ஆள் முகம் சுளிப்பார், ஏற்றாவிட்டால் கட்டாது. மாமா விலையை ஏற்றாமல் உருண்டையைச் சின்னதாக்கினார். இதை எழுதியதற்கு அவர் என்னைத் திட்டலாம்.

பிறகு 2022 ஜனவரி 6இல் மறுபடி பத்து மணி ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, பொங்கலுக்குக் கோயில் நடை சாத்தல். ஜல்லிக்கட்டு பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி ஆடு வாங்கிப் போட்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். 28ஆம் தேதி இரவு ஊரடங்கு விலகியது.

ஆனால் மதுரை இரவு உண்மையில் திறந்தது அன்றைக்கு இல்லை. 2022 ஏப்ரல் 15, ஊருக்குள் வரும் அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் தல்லாகுளம் எதிர்சேவை ராத்திரி. இரண்டு வருஷம் ஆளில்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா. 2020இல் திருக்கல்யாணத்தையே இணையத்தில்தான் பார்த்தோம், அழகர் ஆற்றுக்கே வரவில்லை. 2022இல்தான் மறுபடி ஜனங்களோடு. மாமா வெகுநாள் கழித்து ஒன்பது மணிக்கு இரண்டாவது மாவு பிசையச் சொன்னார். அதுவும் போதாமல் ஒரு மணிக்கு மூன்றாவது. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே பிசைந்தார், சப்ளையர் பையன் நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்தான். கோரிப்பாளையத்திலிருந்து மக்கள் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

உதவி ஏதும் கிடைத்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வந்தது. எங்கள் முனையில் பருத்திப்பால் விற்கும் அண்ணன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டி அடுத்த 20,000மும் வாங்கினார். வியாபாரி அடையாள அட்டை இல்லாதவர்கள் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்தார்கள். எங்களைப் போல வாடகைக் கடைக்காரர்களுக்கு வங்கித் தவணையைத் தள்ளிப்போட்டது ஒன்றுதான், அதற்கும் வட்டி ஓடியது. வாடகையில் பாதியைக் கட்டட உரிமையாளர் சில மாதம் விட்டுக்கொடுத்தார். எல்லா உரிமையாளரும் அப்படி இல்லை.

இன்றைக்கு நிலைமை இதுதான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019இலேயே தமிழக அரசு ஆணை போட்டது, 2022இலும் 2025இலும் நீட்டித்தது. சின்னக் கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பதினொரு மணிக்கு மேல் "சாத்துங்கப்பா" என்று வந்து சொல்லும் பழக்கம் ஊரடங்கில் ஊறியது, இன்னும் போகவில்லை. சில வாரம் விடுவார்கள், சில வாரம் விடமாட்டார்கள். நிச்சயம் இல்லாததால் நாங்கள் இப்போதும் சனிக்கிழமையும் திருவிழா நாளும் மட்டும்தான் இரண்டாவது மாவு பிசைகிறோம்.

நீங்கள் நண்பர்களோடு வருவதாக எழுதியதால் ஒரு வார்த்தை: ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் இறங்கினால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ரயில்வே ஜங்ஷன் எதிரிலும் இட்லி, தோசை கிடைக்கும், பயப்பட வேண்டாம். கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் பத்தரைக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் சுக்கா தீர்ந்திருக்கும், குடல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.